தொழில்நுட்ப ஒத்திகையில் ஒலியமைப்பாளருக்கு ஒரு மேசை

மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கில் எங்கள் நாடகத்தின் ஒலி, ஒளி மாற்றங்களைச் சரிபார்க்கும் தொழில்நுட்ப ஒத்திகை நடந்தபோது ஒலியமைப்பு என் பொறுப்பில் இருந்தது. அங்கே ஒலிகளைக் கலந்து அளவை மாற்றும் மிக்ஸர் இருப்பது கடைசி வரிசைக்குப் பின்னால், கண்ணாடி தடுத்த ஒரு சிற்றறையில். உள்ளே உட்கார்ந்தால் காதில் விழுவது மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலியே தவிர அரங்கின் ஒலி அன்று. ஆகவே நடுப்பகுதியில், பால்கனியின் அடியில் வராத ஒரு வரிசையைத் தேர்ந்து, இருக்கைகளின் கைப்பிடிகள்மேல் பிளைவுட் பலகையைக் கிடத்திக் கயிற்றால் கட்டி மேசையாக்கிக்கொண்டேன்.

ஒலியை இயக்கும் மேக் மினியை அந்த அறையிலேயே விட்டுவிட்டு, மேசைக்கு மடிக்கணினியை மட்டும் கொண்டுவந்து, சுவரோரமாக இழுத்த நெட்வொர்க் கேபிளால் இரண்டையும் இணைத்தேன். வைஃபை நடுவே விட்டுப்போனால் மேடையில் நடிகர்கள் அனைவரும் எனக்காகக் காத்து நிற்க நேரும் என்பதால் அதை நாடவில்லை. இரண்டு கணினிகளுக்கும் நிலையான ஐபி முகவரி கொடுத்து, உறக்கநிலை, அறிவிப்பு ஒலி, தானியங்கிப் புதுப்பிப்பு ஆகியவற்றை அணைத்தேன்.

நாடக ஒலிகளை எண்ணிட்டு வரிசையாக இயக்கும் மென்பொருளான கியூலேப், 2022இல் வந்த 5ஆம் பதிப்பில், ஒரே கோப்பைப் பல கணினிகளிலிருந்து திருத்த இடம் தருகிறது. இலவசப் பதிப்பில் ஸ்பீக்கர்களுக்கு ஒலி அனுப்ப இரண்டு வெளியீடுகள்தாம் கிடைக்கும். மேடையில் இருக்கும் பழைய ரேடியோ பெட்டிக்குள் தனி ஸ்பீக்கர் வைத்திருந்ததால் உரிமத்தை நாள் வாடகைக்கு எடுத்தோம். என் கணினிக்குப் பார்க்கவும் திருத்தவும் மட்டுமே அனுமதி வைத்தேன். குறிப்பெழுதும்போது, அடுத்த ஒலியைத் தொடங்கிவைக்கும் ஸ்பேஸ் பாரில் விரல் பட்டு, தாலாட்டுக் காட்சியில் இடி இடித்துவிடக் கூடாதல்லவா?

அதிக நேரம் எடுத்தது பால்கனிக்கு அடியிலுள்ள ஸ்பீக்கர்கள்தாம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. அவற்றுக்கும் மேடை ஸ்பீக்கர்களுக்கும் இடையே 17 மீட்டர் என்பதால், மேடை ஒலி அங்கே வந்து சேரும்வரை அவை காத்திருக்க ஏறக்குறைய 50 மில்லிநொடி தாமதம் தேவைப்பட்டது. மேடை ஒலியே முந்திக் கேட்கும்படி அதன்மேல் இன்னும் 10 மில்லிநொடி கூட்டினேன். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது நம்புகிறது. அதனால், பின்வரிசையில் போய் உட்கார்ந்தபோதும் வசனம் மேடையிலிருந்தே வருவதாகக் கேட்டது.

மேடை நிர்வாகியுடன் பேச ஒரு காதை மட்டும் மூடும் ஹெட்செட்டை வாங்கிக்கொண்டேன். மறு காது அரங்குக்கு வேண்டும். "அண்ணா, 24க்கு அப்புறம் ஒரு நாய் குரைப்பு வேணும்னு டைரக்டர் சொல்றார்" என்று அவர் கேட்டபோது, 24ஆம் எண் ஒலிக்கும் 25க்கும் நடுவே அதை 24.5 என்று நுழைத்தேன். அவருடைய பிரதியில் பென்சிலால் எழுதியிருந்த மற்ற எண்கள் எவையும் மாறவில்லை. மேசை விளக்குக்குச் சிவப்பு ஜெலட்டின் தாள் சுற்றி, திரையின் ஒளியையும் குறைத்திருந்தேன். விளக்கமைப்பாளர் இருட்டுக் காட்சிகளைச் சரிபார்க்கையில் அது அவருக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை.

முழு உடை ஒத்திகைக்கு முன்பே பலகையைக் கழற்றிவிட்டேன். அதன்பின் தாளும் பேனாவுமாக இருக்கை மாறி மாறி உட்கார்ந்து கேட்டு, திருத்தங்களை இடைவேளையில் ஒலியை இயக்குபவரிடம் கொடுத்தேன்.