டி-சட்டை அணிந்திருந்த மருத்துவரிடம் நான் சொல்லாமல் விட்டது

பித்தப்பைக் கல்லுக்காக எனக்கு நடக்கவிருந்த லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும்) அறுவைசிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போனது. மருத்துவர்களை அவர்கள் உடுத்தியிருந்ததை வைத்து நான் எடைபோட்டதுதான் அதற்குக் காரணம்.

முதல் சந்திப்பில் அறுவைசிகிச்சை நிபுணர் தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட் அணிந்திருந்தார். ஸ்கேன் படத்தை அவர் கையில் எடுப்பதற்கு முன்பே என் மனம் அவரை நம்பிவிட்டது. ஆனால் அதே அறையில் என் ரத்த அழுத்தம் வீட்டில் இருப்பதைவிட வெகுவாக ஏறியிருந்தது. மருத்துவரைக் கண்டதும் சிலருக்கு இப்படி ஏறுவதை வெள்ளைக் கோட் ரத்த அழுத்தம் என்பார்கள் என்று விளக்கிய அவர், ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளந்து குறித்துவரச் சொன்னார். நான் உட்கொள்ளும் மருந்துகளை மயக்க மருந்துப் பரிசோதனையின்போது முழுமையாகத் தெரிவிக்கும்படியும் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பரிசோதனைக்கு வந்தவர் டி-சட்டை அணிந்த ஓர் இளைஞர்; அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது, பெயரையும் அவர் சொல்லவில்லை. மருத்துவர் வருவதற்கு முன் விவரம் எழுதிக்கொள்ளும் உதவியாளர் என்றே எண்ணி, அவர் கேட்டதற்கெல்லாம் ஒரு சொல்லில் பதில் சொன்னேன். சிறு பக்கவாதம் வந்துபோனதிலிருந்து தினமும் உட்கொண்டுவரும் க்ளோபிடோகிரல் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவர்தான் மயக்கவியல் மருத்துவர். வேறு யாரும் வரவில்லை.

அனுமதியாகும் நாளில் என் மருந்துப் பையைச் சரிபார்த்த செவிலியர் அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உடலில் இருக்கும்போது கத்தி வைத்தால் கசிவு கட்டுக்கு அடங்காமல் போகலாம் என்பதால், நரம்பியல் மருத்துவரைக் கலந்து, மாத்திரையைச் சில நாள் நிறுத்திய பிறகே அறுவை என்று முடிவானது.

மறு பரிசோதனையில் அதே இளைஞரிடம் என் தவறை ஒப்புக்கொண்டு, கோட் அணியாததன் காரணத்தையும் கேட்டேன். கோட்டின் நீண்ட கைப்பகுதி ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமியைக் கொண்டுசெல்லக்கூடும் என்றும், முழங்கைக்குக் கீழே வெறுங்கையாக இருந்தால்தான் மணிக்கட்டுவரை நன்றாகக் கழுவ முடியும் என்றும், பிரிட்டனில் 2007-இலேயே இதை அரசு வழிகாட்டுதலாக்கிவிட்டார்கள் என்றும் பொறுமையாகச் சொன்னார். அந்தக் காரணம் எனக்கு முழுமையாக ஏற்புடையதே. ஆயினும் நோயாளியின் கண்ணுக்கு அது தெரியாதே! 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் 10 மருத்துவமனைகளில் கேட்கப்பட்ட 4,062 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவரின் உடை தமக்கு முக்கியம் என்றார்கள். பொதுவாக வெள்ளைக் கோட்டுக்கே கூடுதல் மதிப்பெண் தந்த அவர்கள், அறுவைசிகிச்சை மருத்துவர்களுக்கும் அவசர சிகிச்சை மருத்துவர்களுக்கும் அறுவை அரங்கு உடையே பொருத்தம் என்றார்கள். கோட்டைக் கழற்றுவதானால் பெயரையும் பொறுப்பையும் முதலில் சொல்வது கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து. அதை அவரிடமும் சொன்னேன்.

அறுவையன்று பச்சை உடையும் முகக்கவசமும் அணிந்து ஒருவர் என் படுக்கையருகே வந்தார். கவசத்தை இறக்கி முகத்தைக் காட்டி, தம் பெயரைச் சொல்லி, "உங்களுக்கு மயக்க மருந்து தரப்போகும் மருத்துவர் நான்தான். க்ளோபிடோகிரல் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். நாளையும் வேளையையும் தெளிவாகச் சொன்னேன்.