65-க்குப் பின்னால் ஒரு ‘ஏ’

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. நான் அன்று செகண்ட் ஷிப்ட். டீ இடைவேளையில் போனை எடுத்தால் எல்லாக் குழுவிலும் ஒரே செய்தி: ‘இனி 12 மணி நேர வேலை, சட்டசபையில் மசோதா நிறைவேறியது.’ கேன்டீனில் பாதிப் பேர் டீயை அப்படியே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, நடுவில் பன்னிரண்டு மணி. கூட்டிப் பார்த்த ஒருத்தர், “அப்போ வீட்டுக்கு எதுக்குப் போகணும், மெஷின் பக்கத்துலயே பாயை விரிச்சிரலாம்” என்றார்.

ஷிப்ட் முடிவதற்குள் சங்கச் செயலாளரிடமிருந்து போன். “தோழர், திங்கட்கிழமை வாயிற்கூட்டம். மசோதாவைப் படிச்சு ஒரு பக்கத்துல நோட்டீஸ் எழுதிக் குடுங்க. பேப்பர்ல வந்ததை எழுதாதீங்க, மசோதாவுல என்ன இருக்கோ அதை எழுதுங்க.” சங்கத்தில் என் வேலையே இதுதான். நாலு எழுத்து கோர்வையாக எழுதுவேன் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் தப்பிக்க முடியாது.

சனிக்கிழமை காலை தேட உட்கார்ந்தேன். மசோதாவைப் பற்றிய செய்தி நூறு கிடைத்தது, மசோதா கிடைக்கவில்லை. சட்டப்பேரவையின் இணையதளத்துக்குப் போய் ‘மசோதா’ என்று தேடித் தேடி அரை மணி நேரம் போனது. அங்கே அதற்குப் பெயர் ‘சட்டமுன்வடிவு’ என்பது அப்புறம்தான் உறைத்தது. உள்ளே போனால் அந்தக் கூட்டத்தொடரில் வந்த சட்டமுன்வடிவுகள் வரிசையாக இருந்தன. நம்முடையது அந்த மாதம் முன்னதாகவே அறிமுகமாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. மானியக் கோரிக்கை விவாதங்களும் அமைச்சர்களின் அறிவிப்புகளும்தான் தினமும் செய்தி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு சட்டமுன்வடிவு வந்து உட்கார்ந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அது எங்கள் தப்புதான்.

அதே வெள்ளிக்கிழமை, கூட்டத்தொடரின் கடைசி நாள் என்பதால், வேறு பலவும் நிறைவேறியிருந்தன. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவும் அதில் ஒன்று. ஏரி, கால்வாய் உள்ள நிலத்தைத் தொடுகிற விஷயம். ஊரில் நிலம் வைத்திருக்கிறவர்கள் எங்களிடையே நிறையப் பேர் உண்டு. அன்றைக்கு ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சரி, நம்ம கதைக்கு வருவோம். தொழிற்சாலைகள் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம். சில பக்கம்தான். ‘12’ என்று தேடினேன், வேலை நேரம் என்ற பொருளில் எங்கும் இல்லை. ‘பன்னிரண்டு’ என்று தேடினேன், அதுவும் இல்லை. தப்பான கோப்பைத் திறந்துவிட்டோமோ என்று தலைப்பைத் திரும்பப் பார்த்தேன். சரியான கோப்புதான். அதில் இருந்ததன் சாரம் இவ்வளவுதான்: 1948-ஆம் ஆண்டு சட்டத்தில் 65-ஆம் பிரிவுக்குப் பின்னால் 65-ஏ என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதன்படி மாநில அரசு, தான் விதிக்கும் நிபந்தனைகளோடு, எந்தத் தொழிற்சாலைக்கும் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுக்கலாம். நெகிழ்வான வேலை நேரம் வேண்டும் என்று தொழில் துறையினர் கேட்டதைக் காரணமாகச் சொல்லும் நோக்கக் காரண விளக்கவுரை கடைசியில்.

வெறும் ஆறு எண்களைப் படித்துவிட்டு யாருக்குக் கோபம் வரும்?

சங்க ஆபீசுக்குப் போய்ப் பழைய சட்டப் புத்தகத்தை எடுத்தேன். அட்டை போய்விட்டது, உள்ளே யாரோ ஊதா பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஆறு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் புத்தகத்தைப் பார்த்து நிரப்பினேன். 51, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 52, வார விடுமுறை. 54, ஒரு நாளைக்கு 9 மணி நேரம். 55, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அரை மணியாவது ஓய்வு. 56, ஓய்வையும் சேர்த்து நாள் பத்தரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். 59, ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரட்டைச் சம்பளம். எழுதி முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தபோது அடிவயிற்றில் ஏதோ செய்தது. எங்கள் ஒரு நாளின் எலும்புக்கூடு மொத்தமும் அந்த ஆறு வரியில் இருந்தது.

அப்போது ஓய்வு பெற்ற மூத்த தோழர் ஒருவர் உள்ளே வந்தார். அந்த ஊதா பென்சில் அவருடையதுதான். தாளை வாங்கிப் பார்த்தார். “எல்லாம் சரி. 65-ல என்ன இருக்குன்னு பார்த்தியா?” பார்க்கவில்லை. 65-ஏ என்றால் 65 ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம் அல்லவா! புரட்டினால், அவசர வேலை குவிந்தால் விலக்கு கொடுக்கும் அதிகாரம் அங்கேயே அரசுக்கு இருக்கிறது. ஆனால் வேலியோடு. ஓ.டி.யையும் சேர்த்து நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, வாரத்துக்கு 60-ஐத் தாண்டக் கூடாது. நான் மசோதாவில் தேடிய ‘12’ பழைய சட்டத்தில், உச்சவரம்பாக உட்கார்ந்திருந்தது! புதிய 65-ஏ அப்படி எந்த எண்ணையும் சொல்லவில்லை. நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று அமைச்சர்கள் கொடுத்த விளக்கமும் அதில் இல்லை. சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னதை எழுதியிருக்கலாம்.

நோட்டீசில் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று போட ஆசைப்பட்டேன். செயலாளர் சிரித்தார். குரல் வாக்கெடுப்பு. ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’, சத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அதுதான் முடிவு. யார் எந்தப் பக்கம் என்று பெயர்ப்பட்டியல் வராது. அன்றைய ஆளும் தி.மு.க. கூட்டணியில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிகளும் காங்கிரசும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்த்தது மட்டும் ஊருக்கே தெரியும். தமிழ்நாட்டில் மேலவையை 1986-லேயே கலைத்தாகிவிட்டது, அதனால் இன்னொரு அவையில் தடுக்கலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமுன்வடிவு 2022 அக்டோபரில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 மார்ச் 23-ல் பேரவை மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் வாங்கியிருந்தது. ஆளுநர் கிடப்பில் போடுகிறார் என்று எங்கள் லைனில் தினமும் திட்டுவார்கள். அதே ஆட்கள் அந்தச் சனிக்கிழமை, “இதையும் அவர் ஆறு மாசம் வெச்சிக்கிட்டா நல்லா இருக்குமே” என்றார்கள்.

திங்கட்கிழமை காலை கேட்டில் நோட்டீஸ் கொடுத்தோம். தலைப்பில் ‘12 மணி நேரம்’ என்று போடாமல் ஆறு எண்களையும் போட்டதில் சிலருக்கு வருத்தம், காரம் போதவில்லையாம். கூட்டம் கலையும்போது ஒரு கான்ட்ராக்ட் பையன் நோட்டீசோடு என்னிடம் வந்தான். வேறொரு சிறிய யூனிட்டில் வேலை. “அண்ணா, நான் இப்பவே காலைல எட்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும்தான். இந்த 59-னு போட்டிருக்கீங்களே, ரெட்டைச் சம்பளம், அது எனக்கும் உண்டா?”

உண்டு என்றேன். எத்தனை வருஷமாக என்று கேட்டான். 1948-லிருந்து என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாளாக நான் காப்பாற்றத் துடித்த பிரிவை அவன் அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறான். 59-ன் கீழ் பேனாவால் கோடு போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டு போனான்.

அன்றே தொழிற்சங்கங்களோடு அமைச்சர்கள் பேசினார்கள், மேல்நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுவதாக முதல்வர் அறிவித்தார். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்து, திரும்பப் பெறப்படுகிறது என்று சொன்னார். எங்கள் கேட்டில் லட்டு கொடுத்தார்கள். அச்சடித்து மிச்சமான நோட்டீஸ் கட்டு சங்க ஆபீஸ் பீரோவில் போனது.

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தபோது அந்த 1948 புத்தகமே பழசாகிவிட்டது. அன்றிரவு அந்தப் பையனிடமிருந்து ஒரு மெசேஜ். பழைய நோட்டீஸ் படம், 59-ன் கீழ் கோடு, ‘அண்ணா இது இப்ப எந்த நம்பர்?’

பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பை இறக்கி, தேடி, 27 என்று பதில் போட்டேன். காசு வந்ததா என்று கேட்டேன். இன்னும் நீலக்குறி விழவில்லை, நைட் ஷிப்ட்டாக இருக்கும்.