உறவுக் கட்டத்தில் ‘ஃப்ரெண்ட்’

குடல்வால் வெடித்து அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன இரவு, சிங்கப்பூர் மருத்துவமனை முகப்பில் இருந்த பெண் தமிழிலேயே கேட்டார்: “நீங்க அவருக்கு என்ன வேணும்?”

ஒன்பது வருடமாக அவரும் நானும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு சொல் இல்லை. “ஃப்ரெண்ட்” என்றேன். படிவத்தில் உறவுக் கட்டத்தில் அதையே எழுதிவிட்டு, “அவங்க அம்மா நம்பர் இருக்கா?” என்றார். மணி ஒன்றரை. அத்தைக்கு 78 வயது. (அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். மருமகள் என்று அவர் என்னைச் சொன்னதில்லை.)

என்னோடு இருப்பவருக்கு முதல் திருமணம் முறிந்ததிலிருந்து பதிவேடு என்றாலே அலர்ஜி. எனக்கும் அவசரமில்லை. சரி, அது எங்கள் பாடு.

அவர் தேறி வந்ததும் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். மாதர் சாசனம் என்ற குடும்பச் சட்டப்படி மணமுறிவில் சொத்தைப் பங்கிடுவது திருமணமானவர்களுக்கு மட்டும்தான். சேர்ந்து வாழ்ந்தது ஒன்பது வருடமோ இருபத்தொன்பதோ, கணக்கில் வராது. உயில் இல்லாமல் அவர் போய்விட்டால், பிள்ளையும் இல்லை, அப்பாவும் இல்லை என்பதால் எல்லாம் அத்தைக்கு. எனக்கு ஒரு காசு வராது. வீடு மட்டும் தப்பித்தது. 35 தாண்டிய ஒண்டிக்கட்டைகள் சேர்ந்து வாங்கும் திட்டத்தில் ஈசூன் பகுதியில் மறுவிற்பனை வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீடு வாங்கியபோதே, ஒருவருக்குப் பின் மற்றவருக்குப் போகும்படி கூட்டுரிமையாகப் பதிந்திருந்தோம்.

உயில் எழுதினால் போதும் என்று நினைத்தேன். மசேநிதி, அதாவது மத்திய சேமநிதிப் பணம் உயிலில் அடங்காதாம், அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கில் நுழைந்து செய்தோம். இரண்டு சாட்சிகளில் ஒருத்தி என் தங்கை. கைப்பேசியில் ஒப்புதல் கொடுத்துக்கொண்டே, “இவ்வளவு பேப்பருக்குத் தாலி மலிவுக்கா” என்றாள்.

அப்புறம் எல்பிஏ. எனக்கு நினைவு தப்பினால் என் சார்பில் முடிவெடுக்க அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். கல்யாணமானவர்களும் செய்துகொள்ள வேண்டியது; கணவன் மனைவி என்பதாலேயே அந்த அதிகாரம் தானாக வந்துவிடாது. சான்றளிக்கும் டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: இதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா, யாராவது வற்புறுத்தினார்களா? எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எந்தப் பெண்ணையும் யாரும் இப்படித் தனியாக உட்காரவைத்துக் கேட்டதில்லை.

சேர்ந்து வாழ்வதைத் திருமணத்துக்குச் சமமாக்க வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கையெழுத்துப் போடாமல் இருப்பவர்களைச் சட்டம் ஒருநாள் தானாகவே தம்பதியாக்கிவிடக் கூடாது. ஆனால் விரும்புகிறவர்கள் ஒரே பதிவில் இதையெல்லாம் முடித்துக்கொள்ள ஒரு வழி இருக்கலாம். வேலைக்காக எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வரும் வெளிநாட்டவர் மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் வாங்கினால், மணம் முடிக்காத துணைக்கும் நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம். மனிதவள அமைச்சுக்கு அந்த உறவு புரிகிறது. இங்கேயே பிறந்த எங்களுக்கு ‘ஃப்ரெண்ட்’.

உயிலைக் கையில் கொடுக்கும்போது வக்கீலம்மா ஒன்று சொன்னார்: “நாளைக்கே நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா உயிலும் மசேநிதி நியமனமும் ரத்தாகிடும். மறுபடி வரணும்.” என் பக்கத்தில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.