ஒன்றரை சீனுக்குள் ஓர் ஊர்

மனோரமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆயிரம் படத்துக்கு மேல், கின்னஸ் சாதனை, ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர். வினாடி வினாவுக்கு ஆகும். அத்தனை படங்களில் எத்தனையோ படத்தில் அவருக்குக் கிடைத்தது ஒன்றரை சீன்தான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு அவரைப் பார்க்க 1968 போதும். அந்த ஒரே வருஷத்தில் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது, ‘பொம்மலாட்டம்’ வந்தது. முன்னதில் தஞ்சாவூர்ப் பக்கத்து நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி. பின்னதில் ‘வா வாத்யாரே ஊட்டாண்டே’ என்று சொந்தக் குரலில் பாடி நடிகர் சோவை இழுக்கிற மெட்ராஸ்காரி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பார்க்கக்கூட வேண்டாம், கேட்டாலே போதும். தொண்டை ஒன்று, ஊர் வேறு. மன்னார்குடியில் பிறந்து, எங்கள் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்த கோபிசாந்தாவுக்கு (மனோரமாவின் சொந்தப் பெயர் அதுதான்) சென்னைப் பாஷை யார் வீட்டுச் சொத்து? காதால் சம்பாதித்ததுதானே.

நான் சென்னையில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் காமெடி வேடம் போடுகிறவள். ஆபீஸ் முடிந்து ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை சபா. மேலே தொங்குகிற மைக்குக்கு நேர் கீழே போய் நின்றுதான் வசனம் பேச வேண்டும். நகர்ந்தால் பின்வரிசைக்குக் கேட்காது. எங்கள் டைரக்டர் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: “சிரிப்பைத் தின்னாதம்மா.” சனம் சிரிக்கும்போது அடுத்த வசனத்தை விட்டால் அது சத்தத்தில் முங்கிப்போகும். சிரிப்பு முழுக்க அடங்கும்வரை காத்திருந்தாலும் சீன் செத்துவிடும். சிரிப்பு இறங்க ஆரம்பிக்கிற அந்த நொடியில் பிடிக்க வேண்டும். அதுவரை சும்மா மரம் மாதிரி நிற்கவும் முடியாது, முந்தானையையாவது இழுத்துச் செருக வேண்டும்.

சினிமாவில் எதிரே சனம் கிடையாது. செட்டில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். சிரிப்பு எங்கே வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு இடம் விட வேண்டும். மனோரமா விடுவார். ஜில் ஜில் ஒரு பேச்சை முடித்ததும் ஒரு இழுவை இழுப்பார், இல்லை கண்ணைச் சுழற்றிக் குழைவார். கொட்டகை சிரித்து முடிக்க அது போதும், அடுத்த வசனம் ஒரு எழுத்துக்கூட வீணாகாது.

அந்தப் படத்தில் நாதஸ்வர வித்வானாக வரும் சிவாஜியின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, எல்லா நாயனத்திலும் இந்தச் சத்தம் வருமா, இல்லை உங்கள் நாயனத்தில் மட்டும்தானா என்கிற மாதிரி ஒன்று கேட்பார். எழுத்தில் அது ஒரு பட்டிக்காட்டுத்தனமான கேள்வி. வேறு யாராவது பேசியிருந்தால் நாம் அவளைப் பார்த்துச் சிரித்திருப்போம். மனோரமா நிஜமான சந்தேகத்தோடு கேட்கிறார். ஒரு வித்வானுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன இருக்கிறது? சங்கீதம் தெரியாத ஒரு கலைஞி, சங்கீதம் தெரிந்தவனைச் சரியாக எடை போட்டுவிடுகிறாள். இன்னொன்றும் கவனியுங்கள். இயக்குநர் ஏ.பி. நாகராஜன் நாடகக் கம்பெனியில் பெண் வேடம் கட்டி வளர்ந்தவர். சிவாஜியும் டி.எஸ். பாலையாவும் நாடகத்திலிருந்து வந்தவர்கள். நாகேஷ் அமெச்சூர் மேடை. அத்தனை நாடகக்காரர்களுக்கு நடுவில் நாடகக்காரியாகவே வந்து நிற்பது விளையாட்டில்லை.

மனோரமா மேடை ஏறியது 12 வயதில். அம்மா வீட்டு வேலை செய்து காப்பாற்றிய குடும்பம். கலை ஆர்வத்தைவிட வயிறுதான் முன்னால் தள்ளியிருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம், ‘மணிமகுடம்’ நாடகம். 1958-ல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’தான் முதல் படம், அதுவே காமெடி வேடம். மேடையில் கதாநாயகியாக நின்றவருக்கு அது தயக்கமாகத்தான் இருந்தது. காமெடி என்றால் நீடித்து நிற்கலாம் என்று கண்ணதாசன் தைரியம் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியும் ஆனார். அதை இன்றைக்கு யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? கண்ணதாசன் கணக்கு தப்பவில்லை.

‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) வேலைக்காரி கண்ணம்மாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நடிகர் கிஷ்முவோடு மோதும்போது “கம்முனு கெட” ஒவ்வொரு தடவையும் வேறு உயரத்தில் வந்து விழும். படத்தை இயக்கிய விசுவும் நாடகக்காரர் என்பதால் குறுக்கே வராமல் விட்டுவிட்டார்.

எங்கள் அப்பத்தாவுக்குப் பிடித்தது ‘நடிகன்’ (1990). கல்யாணமே ஆகாமல் வயதாகிப்போன ஒருத்தி, கிழவர் வேஷம் போட்ட சத்யராஜ்மேல் ஆசை வைக்கிறாள். கேலியாகவே முடிந்திருக்க வேண்டிய வேடம். எனக்கே அந்தப் படத்தின் சில காட்சிகள் நெளிய வைக்கும். ஆனால் மனோரமா வெட்கப்படுகிற இடம் வந்தால் அப்பத்தா வெற்றிலையை மெல்வதைக்கூட நிறுத்திவிடுவார். “நெசமாவே வெக்கப்படுறாளே ஆச்சி” என்பார். விமர்சனம் என்றால் அதுதான்.

‘புதிய பாதை’க்கு (1989) தேசிய விருது வந்தது, துணை நடிகை என்ற பிரிவில். 2002-ல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபரில் அவர் போனபோது டிவியில் மறுபடி அதே கணக்கைத்தான் படித்தார்கள். கவுண்டமணிக்கும் வடிவேலுவுக்கும் தனி டிராக் எழுதினார்கள், படத்துக்குள் ஒரு குட்டிப் படமே கொடுத்தார்கள். மனோரமாவுக்குப் பெரும்பாலும் யாராவது ஒரு நகைச்சுவை நடிகரின் ஜோடி, இல்லை யாருக்காவது அம்மா. எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவர்தான் ஒரு ஊர், ஒரு பேச்சு, ஒரு நடை என்று தன் கையிலிருந்து போட்டு நிரப்பினார்.

எங்கள் குழுவில் அடுத்த நாடகத்துக்கு ஸ்கிரிப்ட் வந்திருக்கிறது. எனக்கு மாமியார் வேடம், இரண்டு சீன். இந்த மாமியாருக்கு எந்த ஊர் என்று எழுதியவரிடம் கேட்டேன். “அதெல்லாம் யோசிக்கலையே மேடம்” என்றார். திருநெல்வேலி என்று நானே வைத்துக்கொண்டேன்.