முருங்கன் களியும் தார் றோட்டும்

மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்தில் புது றோட்டு இரண்டு மாரிக்குள் நெளிந்தால் எல்லாரும் தாரைத்தான் திட்டுகிறார்கள். பிழை பெரும்பாலும் அதுக்குக் கீழே. அந்தக் கருங்களி தண்ணி குடித்தால் ஊதும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். மேலே எவ்வளவு தடிப்பாய்த் தார் போட்டாலும் களியோடு சேர்ந்து அசையும்.

நீற்றின சுண்ணாம்பு கலப்பது நல்ல வழி. உலர்மண் எடையில் பொதுவாக 4 முதல் 6 வீதம். சரியான அளவை அந்த மண்ணை ஆய்வுகூடத்தில் சோதித்தே எடுக்கவேணும். மண்ணில் சல்பேற் என்ற உப்பு கூடுதலாய் இருந்தால் சுண்ணாம்பே வீக்கத்தைக் கூட்டிவிடும். கலந்து, நனைத்து, ஒருநாளாவது ஊறவிட்டு, திரும்பக் கிளறி உருட்டுங்கள். ஊறவிடாவிட்டால் கட்டிகளுக்குள் சுண்ணாம்பு போகாது. பிறகு ஒரு கிழமை காயவிடாதீர்கள்.

மண்ணின் உறுதியைச் சோதிக்க, சுத்தியலால் அடித்து இறக்கும் கூம்புமுனைக் கம்பி போதும்: 8 கிலோ சுத்தியல், 575 மில்லிமீற்றர் விழுச்சி. அடிக்கு எத்தனை மில்லிமீற்றர் இறங்குது என்று குறித்து வையுங்கள். மாரியில் கட்டாயம் ஒருக்கா எடுங்கள். ஆவணியில் களி கல்லுப்போல நின்று ஏமாற்றும்.

வாய்க்கால் தண்ணி றோட்டு ஓரத்தில் தேங்கினால் இவ்வளவும் வீண். வடிகாலை முதலில் வெட்டுங்கள்.