எந்த வரியில் தப்பியது?

காலாண்டுத் தேர்வுத் தாளைக் கையில் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது மார்க்கை, அடுத்து பக்கத்தில் இருப்பவனின் மார்க்கை, அப்புறம் ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்த்து "சார், இங்க ஒரு மார்க் விட்டுப்போச்சு" என்று வருவார்கள். அதோடு தாள் பைக்குள் போய்விடும்.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் நானும் பல வருஷம் இம்போசிஷன்தான் கொடுத்தேன். தப்பான கணக்கை ஐந்து தடவை சரியாக எழுதி வா. நோட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள், கை வலித்ததுதான் மிச்சம். தண்டனையைப் பாடம் என்று நினைத்துவிட்டேன், அது என் தப்பு.

இப்போது மார்க்கைத் தாளில் போடாமல், தப்பான கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துக் கொடுக்கிறேன். முதலில் எந்த வரியில் தப்பியது என்று அவர்களே தேட வேண்டும், அதற்கு ஒரு பீரியட் முழுக்க. மார்க் மறுநாள்தான்.

போன தடவை ஒரு பையனுக்கு நான்கு புள்ளி. "எனக்கு இயற்கணிதமே வராது சார்" என்றான், கண் கலங்கியிருந்தது. பல்லுறுப்புக் கோவை வகுத்தலில் அவன் கழித்திருந்த வரியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்து, தாளின் ஓரத்தில் 10 − (4 − 3) என்று எழுதிக் கொடுத்தேன். 10 − 4 − 3 என்று பிரித்து 3 என்றான். சரி, அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் முடி என்றேன். 1 வந்தது, பத்தில் ஒன்று போனால் 9. கொஞ்ச நேரம் இரண்டு விடையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு நான் சொல்லாமலே மற்ற மூன்று கணக்குகளையும் புரட்டினான், மூன்றிலும் அதே கழித்தல் குறி! ஸ்டெப் மார்க் கொடுத்தது போக அதில் மட்டும் 9 மார்க் போயிருந்தது. அவன் எடுத்தது 28, பாஸ் ஆக 35 வேண்டும்.

வராதது இயற்கணிதம் இல்லை, ஒரே ஒரு குறி மாற்றம். இது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல், 28 மட்டும் வீட்டுக்குப் போனால் அங்கே என்ன பேச்சு நடக்கும் என்று நமக்குத் தெரியும்தானே?

அரையாண்டில் அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்த இடத்திலெல்லாம் சின்னதாக வட்டம் போட்டிருந்தான். வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறந்திருந்தான், அங்கே ஒரு புள்ளி வைத்தேன்.