விருப்பமில்லை எண்டு எழுதினது

"சீட்டில விழாட்டிலும் பரவாயில்ல பிள்ளை, பேரையாவது போட்டிருக்கலாம்."

நான் ஆக்களைச் சேர்க்கிற ஒரு ஆய்வைப் பற்றித் தனக்குச் சொல்லேல்ல எண்டு கிளினிக்குக்கு வாற ஒரு அம்மா இதைச் சொல்லி மூண்டு மாசத்துக்கு மேல ஆகுது. கோபமாச் சொல்லேல்ல, மருந்து எடுக்கிற லைனில நிண்டு கிளினிக் கொப்பியை சொப்பிங் பைக்குள்ள திரும்ப வைச்சுக்கொண்டு, பஸ் போயிட்டுது எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னவ. (ஆளைத் தெரியக்கூடாது எண்டு சில விசயங்களை மாத்தித்தான் எழுதுறன்.)

மனச்சோர்வும் பதகளிப்பும் உள்ள ஆக்களில ஒரு ஆய்வு, எங்கட சனம் ரெண்டையும் சேத்து யோசினை எண்டுதான் சொல்லும். ஒரு பகுதிக்கு வழமையான கிளினிக்கும் மருந்தும், மற்றப் பகுதிக்கு அதோட சேத்து 5 கிழமை வீட்ட போய்க் கதைக்கிறது. ஆர் எந்தப் பக்கம் எண்டு டொக்டரும் சொல்லேலாது நானும் சொல்லேலாது, கொம்பியூட்டர் பிரிச்சு, ஒட்டின என்வலப்பில வரும். என்ர வேலை மனச்சோர்வு எவ்வளவு எண்டு பாக்கிற 9 கேள்வியையும் கேட்டு 27க்கு எத்தினை எண்டு கூட்டி, 10க்கு மேல வந்தால் விளங்கப்படுத்திச் சம்மதப் படிவம் குடுக்கிறது. அவவுக்கு 17. மற்றத் தகுதியளும் சரி. ஆனா ஆய்வைப் பற்றி நான் அவவுக்குச் சொல்லேல்ல.

ஏன் சொல்லேல்ல எண்டால் அந்தப் பைதான். கொப்பியை எடுக்கேக்க மற்றதெல்லாம் சேந்து வெளிய வந்தது, காணாமல் ஆக்கப்பட்ட மகன்ர லமினேற் பண்ணின படம், மடிச்ச இடத்தில கிழிஞ்சு டேப் ஒட்டின முறைப்பாட்டுத் துண்டுகள். 2009 மேயில இருந்து அவ போய்க் கையெழுத்து வைக்காத இடமில்ல, நல்லிணக்க ஆணைக்குழு, பிறகு காணாமல் ஆக்கப்பட்டவையை விசாரிக்க வந்த ஆணைக்குழு, 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில போராட்டம் தொடங்கின நாளையில இருந்து ஏலுமான நேரமெல்லாம் அந்தப் போராட்டக் கொட்டில். இதில நான் 6 பக்கச் சம்மதப் படிவத்தை நீட்டி, அம்மா இதிலயும் ஒண்டு வையுங்கோ, ஆனா உங்களுக்குக் கிடைக்குமோ கிடையாதோ எண்டு என்வலப்தான் சொல்லும் எண்டு எப்பிடிச் சொல்லுறது? வீட்டுத்திட்டத்தில புள்ளி காணாது எண்டு ஒருக்கா விடுபட்ட ஆள் வேற.

அண்டைக்கு இது இரக்கம் எண்டுதான் நினைச்சன், இப்பவும் பாதி அப்பிடித்தான் நினைக்கிறன்.

இன்னொண்டும் இருக்கு, அந்த ஆய்வை எப்பிடிச் சொல்லுறது எண்டே எனக்குச் சரியா வரேல்ல. பரிசோதனை எண்டால் ரத்தம் எடுக்கப் போறினம் எண்டு கையை நீட்டுவினம், இல்லாட்டி ஊசி எண்டு பயப்பிடுவினம். பயத்தில பிழை சொல்லேலாது, 2016இல புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளியளுக்கு விச ஊசி ஏத்தினது எண்ட குற்றச்சாட்டு வந்து மாகாணசபை வரைக்கும் போன இடம் இது. அதால நான் "ஒரு திட்டம்" எண்டு சொல்லத் தொடங்கினன். திட்டம் எண்டவுடன ஏதோ உதவி வரப்போகுது எண்டு முகம் வெளிக்கும், உடன கையெழுத்து. ஒரு அன்ரி மூண்டாம் கிழமை என்னைக் கேட்டவ, "உதெல்லாம் சரி, கோழிக்குஞ்சு எப்ப தருவினம்?" சிரிச்சுப்போட்டு விட்டிட்டன், சிரிச்சிருக்கக்கூடாது. தான் ஒரு ஆராய்ச்சியில நிக்கிறன், எந்த நேரமும் விலகலாம், விலகினாலும் கிளினிக் மருந்து நிக்காது எண்டது அவவுக்குப் போய்ச் சேரேல்ல, ஆனா அவவின்ர கையெழுத்து வடிவா இருக்கு.

சரி, அந்த அம்மாவுக்கு விசயம் தெரிஞ்சது பக்கத்து வளவு ஆளால. "அவவோட வந்து கதைக்கினமாம், நல்லா நித்திரை வருதாம். எனக்கேன் சொல்லேல்ல?"

"உங்களுக்குப் பாரமா இருக்கும் எண்டு நினைச்சன் அம்மா."

"அப்ப அதில சேந்த ஆக்களுக்குச் சுகம் வருமோ?"

"அது இன்னும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆராய்ச்சி."

"உங்களுக்கே தெரியாத ஒண்டு எனக்குப் பாரம் எண்டு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?"

இதுக்குப் பிறகுதான் அந்தச் சீட்டுக் கதை. எங்களுக்குப் பயிற்சியில மனிசரில ஆய்வு செய்யிறதுக்கான நெறிமுறை சொல்லுற 1964 ஹெல்சிங்கி பிரகடனம் எல்லாம் படிப்பிச்சவை, எது நல்லம் எண்டு உண்மையாவே தெரியாத இடத்திலதான் குலுக்கிப் பாக்கலாம் எண்டும் ஸ்லைட் போட்டுக் காட்டினவை, நானும் குறிப்பெடுத்தனான். அவ லைனில நிண்டுகொண்டு கேட்டவுடனதான் அது எனக்கு விளங்கினது. சீட்டுப் பிடிச்சுப் பழகின மனிசிக்குக் குலுக்கல் விளங்காது எண்டு நான் எதைவைச்சு நினைச்சன்?

ஆனா எனக்கும் ஒரு பக்கம் இருக்கு. ஒன்பதாவது கேள்விக்கு, செத்தால் நல்லம் எண்ட நினைப்பு வாறதோ எண்ட அதுக்கு, அவ கொஞ்சம் நேரம் நிலத்தைப் பாத்துப்போட்டு "சிலநாள்" எண்டவ. நான் உடன டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனனான், அது சரியாச் செய்தனான். அந்த நிலையில இருக்கிற ஒராளிட்டப் படிவம் நீட்டினால் வேண்டாம் எண்டு சொல்லுற தெம்பு இல்லாமலே ஓம் எண்டிடுவினம், அது சம்மதமோ? இப்பிடி எனக்குள்ள வாதாடி வந்து ஒரு இடத்தில நிண்டிடுவன், ஏனெண்டால் அப்பிடிப் பாத்தால் நான் கையெழுத்து வாங்கின மற்ற ஆக்களும் 10க்கு மேலதான், அவையிட்ட மட்டும் ஏன் வாங்கினன்? மனச்சோர்வு எண்டதுக்காக ஒராளுக்கு முடிவெடுக்கத் தெரியாமப் போகாது எண்டு மற்றவைக்கு வகுப்பெடுக்கிறதும் நான்தான்.

இலங்கை மருத்துவச் சங்கத்தின்ர பதிவேடு 2006இல இருந்து இருக்கு, இஞ்ச நடக்கிற சிகிச்சை ஆய்வுகளை இணையத்தில ஆரும் பாக்கலாம். நல்ல விசயம்தான், ஆனா விசுவமடுவிலயோ ஒட்டுசுட்டானிலயோ இருந்து ரீலோட் போட்டு ஆர் அதைப் போய் இங்கிலிசில வாசிக்கிறது? அந்த அம்மாவைப்போல ஆளுக்கு டொக்டர் சொல்லவேணும், இல்லாட்டி நான் சொல்லவேணும். ரெண்டு பேரும் வாயை மூடினால் அப்பிடி ஒண்டு நடக்கவேயில்ல.

எழுதாமல் விடுவம் எண்டு நினைச்ச ஒண்டு. தகுதி இருந்தும் சேராத ஆக்களுக்கு ஒரு பட்டியல் இருக்கு, காரணம் எழுதவேணும். அவவின்ர வரிசையில நான் "விருப்பமில்லை" எண்டு எழுதினன். வேற பெட்டி இல்லை எண்டு அப்ப எனக்கு நானே சொன்னது, ஆனா "வேறு" எண்டு ஒரு பெட்டி இருந்தது, பக்கத்தில எழுதக் கோடும் இருந்தது. ஆய்வு முடிவு வரேக்க அழைச்சும் மறுத்தவை இத்தினை பேர் எண்டு ஒரு எண் போடுவினம், அதில அவவும் ஒராள்.

மேலதிகாரியிட்ட இன்னும் சொல்லேல்ல. போன கிளினிக்கில அவவைக் கண்டன், "இனி அப்பிடி ஒண்டு வந்தால் சொல்லு பிள்ளை" எண்டவ, ஓம் எண்டனான். என்ர ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது, அதை அவவுக்குச் சொல்லேல்ல.